மஸ்டாங்கா, கமாரோவா, சேலஞ்சரா? எஞ்சின் சக்தி, டியூனிங் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வரும் நம் பையன்கள் முதல் வருடம் பனியைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டாம் வருடம் வீட்டுக் கடனைப் பற்றி. அதற்குள் ஏதாவது ஒரு ஆகஸ்டில், மூன்றாம் சனிக்கிழமை, உட்வர்ட் சாலையில் நடக்கும் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தை எட்டிப் பார்த்துவிட்டார்கள் என்றால் மறுநாள் காலையே எனக்கு போன் வரும். நான் வேலை பார்ப்பது கார் இருக்கை வடிவமைப்பில். எஞ்சின் என் வார இறுதி வியாதி, அவ்வளவுதான். பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையில் தட்டோடு நின்றபடி சொன்ன பதில்களைத்தான் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

1. அண்ணா, மசில் கார்னா எது? மஸ்டாங் மசில் காரே இல்லைன்னு ஒருத்தர் சண்டைக்கு வர்றார்.

அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. 1964-ல் பான்டியாக், தன் நடுத்தர அளவு டெம்பெஸ்ட் காரில் பெரிய கார்களுக்கென்று வைத்திருந்த 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைத் தூக்கி வைத்து ஜிடிஓ என்று விற்றது. அந்த அளவுக் காருக்கு 330 கன அங்குலத்துக்கு மேல் போடக்கூடாது என்று தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் விதி இருந்தது. தனி மாடலாக அறிவிக்காமல் 'கூடுதல் வசதி' என்று பட்டியலில் நுழைத்து அதைத் தாண்டினார்கள். நடுத்தர உடம்பு, பெரிய எஞ்சின், சம்பளக்காரனுக்குக் கட்டுப்படியாகும் விலை என்று மசில் கார் பிறந்தது அப்படித்தான். அதே வருடம் ஏப்ரலில் வந்த ஃபோர்டு மஸ்டாங் இன்னும் சிறிய உடம்பு, அதற்குப் போனி கார் என்று பெயர் வைத்தார்கள். பிறகு ஜெனரல் மோட்டார்ஸின் செவர்லே விட்ட கமாரோவும், டாட்ஜ் விட்ட 1970 சேலஞ்சரும் அந்த வகைதான்.

இன்று இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டு உட்வர்டில் யாரும் வழிமறிப்பதில்லை. இங்கே மூன்றையும் மசில் கார் என்றே சொல்லப்போகிறேன்.

2. எச்.பி. முக்கியமா, டார்க் முக்கியமா?

கிணற்றில் தண்ணீர் இறைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி எவ்வளவு பெரியது என்பது டார்க், அதாவது முறுக்குவிசை. நிமிடத்துக்கு எத்தனை வாளி இழுக்கிறீர்கள் என்பது எஞ்சின் சுற்று. தொட்டி எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது என்பது எச்.பி., அதாவது குதிரைத்திறன். சின்ன வாளியை வேகமாக இழுத்தும் தொட்டியை நிரப்பலாம், பெரிய வாளியை நிதானமாக இழுத்தும் நிரப்பலாம். மஸ்டாங்குக்கும் கமாரோவுக்கும் இருக்கும் சண்டையே இதுதான், எட்டாம் கேள்வியில் வருகிறேன்.

கணக்கு எளிது. பவுண்ட்-அடியில் உள்ள டார்க்கை நிமிடச் சுற்றால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் எச்.பி. ஆகவே 5,252 சுற்றில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்து வரைந்த டைனோ (சக்தியை அளக்கும் இயந்திரம்) படத்தில் கோடுகள் அந்த இடத்தில் வெட்டிக்கொள்ளவில்லை என்றால், படத்தைக் காட்டியவரிடமிருந்து எதுவும் வாங்காதீர்கள்.

3. 1970 செவர்லே செவெல்லுக்கு 450 எச்.பி.ன்னு போட்டிருக்கு. 1975 கார்வெட்டுக்கு வெறும் 165! அஞ்சு வருஷத்துல அப்படி என்ன ஆச்சு?

கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான், ஆனால் பாதி தேய்மானம் காகிதத்தில் நடந்தது. 1971 வரை விளம்பரத்தில் போட்டது 'கிராஸ்' கணக்கு. எஞ்சினைத் தனியாக மேடையில் ஏற்றி, ஆல்டர்னேட்டர், விசிறி, ஏர் ஃபில்டர், சைலன்சர் எதுவும் இல்லாமல், புகையை நேராக வெளியே விட்டு அளந்த எண் அது. 1972 முதல் 'நெட்' கணக்கு: வண்டியில் எப்படி உட்காருமோ அப்படியே எல்லாவற்றையும் மாட்டி அளக்க வேண்டும். டாட்ஜின் தாய் நிறுவனமான கிரைஸ்லரின் 426 ஹெமி எஞ்சினுக்கு 1971-ல் கிராஸ் 425, நெட் 350 என்று இரண்டு எண்ணுமே உண்டு. ஒரே எஞ்சின், ஒரே வருடம், 75 எச்.பி. காகிதத்திலேயே காணோம்.

மீதி உண்மையான தேய்மானம். ஈயம் கலக்காத பெட்ரோலுக்குத் தயாராக 1971 மாடல்களிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) குறைத்துவிட்டது. அந்த செவெல்லின் எல்எஸ்6 எஞ்சின் 11.25-க்கு 1 கம்ப்ரஷனில் ஓடியது, அப்படியொரு எஞ்சினுக்குச் சாதா பெட்ரோல் விஷம். மேலே புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாலிபர்களுக்கு எகிறிய காப்பீட்டுக் கட்டணம், 1973 எண்ணெய் நெருக்கடி. 1974-ல் வந்த 'மஸ்டாங் II' மாடலுக்கு முதல் வருடம் வி8-ஏ கிடையாது.

4. அப்போ பழைய எண்ணெல்லாம் ஊதிப் பெருக்கினதா? எங்க மாமா குறைச்சுத்தான் சொன்னாங்கங்கறாரே.

மாமா சொல்வதும் உண்மை. அளக்கும் முறை பெருக்கியது, விற்பனைத் தந்திரம் குறைத்தது. 1969 கமாரோ இசட்எல்1-ல் இருந்த முழு அலுமினிய 427 எஞ்சினுக்கு 430 என்று எழுதினார்கள். உண்மையில் அது 500-ஐத் தாண்டிய எஞ்சின். மொத்தம் 69 வண்டிகள்தான் செய்தார்கள். ஃபோர்டின் பாஸ் 429-க்கு 375, 428 கோப்ரா ஜெட்டுக்கு 335 என்று எழுதியதும் இதே ரகம்.

காரணம் இரண்டு. ஒன்று காப்பீட்டு நிறுவனத்தின் கண். இன்னொன்று, டிராக் (கால் மைல் நேர்ப்பாதை) பந்தயங்களில் எடைக்கும் அறிவிக்கப்பட்ட எச்.பி.க்கும் உள்ள விகிதத்தை வைத்துத்தான் வகுப்புப் பிரித்தார்கள். எண்ணைக் குறைத்துச் சொன்னால் பலவீனமானவர்களோடு மோதலாம். பெரிய பையனை வயது குறைத்துச் சொல்லி ஜூனியர் கபடியில் இறக்கும் வேலை.

5. சரி, இப்பவாவது கம்பெனி சொல்ற எண்ணை நம்பலாமா?

பெரும்பாலும் நம்பலாம். 2005-ல் வந்த எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) விதிப்படி, சான்று வேண்டுமென்றால் சாட்சி ஒருவர் பக்கத்தில் நிற்க எஞ்சினை அளக்க வேண்டும். அப்படிச் சான்று பெற்ற முதல் எஞ்சின், 2006 கார்வெட் இசட்06-ல் வந்த 505 எச்.பி. எல்எஸ்7. அளவு கறாரானதும் சில கம்பெனிகளின் எண் சரசரவென்று இறங்கியது வேடிக்கை. கேம்ரி வி6 ஒரே இரவில் 210-லிருந்து 190 ஆனது.

அதற்கு முன்பு இரண்டு பக்கமும் விளையாடினார்கள். 1999 மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்றார்கள். வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தால் காணோம். ஃபோர்டு விற்பனையையே நிறுத்திவைத்து, விற்ற வண்டிகளைத் திரும்ப அழைத்து, காற்று உள்ளே வரும் இன்டேக்கையும் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட்டையும் மாற்றிக் கொடுத்தது. அதே காலத்துக் கமாரோ இசட்28-க்கோ 305 என்று அடக்கமாகச் சொன்னார்கள். கார்வெட்டில் 345 என்று விற்ற எல்எஸ்1-தான் அதிலும் இருந்தது. அண்ணன் கார்வெட்டுக்கு மரியாதை குறையக்கூடாதே!

6. என் மஸ்டாங் ஜிடி 460 எச்.பி. டைனோவுல 400 சொச்சம்தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. 460 என்பது எஞ்சினின் கிராங்கில் (சுழல் தண்டில்). டைனோ அளப்பது சக்கரத்தில். நடுவில் கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், பின் அச்சு எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கின்றன. 12 முதல் 15 சதவீதம் போவது வழக்கம். 400 காட்டினால் உங்கள் வண்டி நன்றாகவே இருக்கிறது.

டைனோவுக்கு டைனோ எண் மாறும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வெப்பநிலை, காற்றழுத்தத்துக்கு ஏற்பத் திருத்தம் போடுவதில் எஸ்ஏஇ என்று ஒன்று, எஸ்டிடி என்று ஒன்று. இரண்டாவது சுமார் 4 சதவீதம் தாராளம். உருளையைச் சும்மா சுற்றவிடும் டைனாஜெட்டைவிட, எதிர்ச்சுமை கொடுக்கும் மஸ்டாங் டைனோ பொதுவாகக் குறைத்துக் காட்டும். பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், அதற்கும் காருக்கும் உறவில்லை. மாற்றம் செய்வதற்கு முன்னும் பின்னும் அதே டைனோ, அதே திருத்தம், முடிந்தால் ஒரே நாள். அப்போதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

7. மூணுல எதுக்குப் பவர் ஜாஸ்தி? ஒரே வரியில சொல்லுங்க.

கம்பெனி கொடுத்தபடியே என்றால் சேலஞ்சர். ஒரே வரி முடிந்தது, ஆனால் எந்த சேலஞ்சர் என்று கேட்க வேண்டும்.

நடுத்தட்டு வி8 வண்டிகளில் மூன்றும் தோளோடு தோள்தான். 2018 மஸ்டாங் ஜிடி 460, கமாரோ எஸ்எஸ் 455, சேலஞ்சரில் 392 எஞ்சின் கொண்ட ஸ்கேட் பேக் 485. மேல்தட்டுக்குப் போனால் கமாரோ இசட்எல்1 650, மஸ்டாங் ஷெல்பி ஜிடி500 760. டாட்ஜ் மட்டும் நிறுத்தவே இல்லை. 2015 ஹெல்கேட் 707, 2019 ரெட்ஐ 797, 2018 டீமன் சாதா பிரீமியம் பெட்ரோலில் 808, பந்தயப் பெட்ரோலில் 840. கடைசியாக 2023-ல் டீமன் 170, ஈ85 (எத்தனால் கலந்த எரிபொருள்) ஊற்றினால் 1,025. கால் மைலை 8.91 வினாடியில் முடித்த வண்டியை நம்பர் பிளேட்டோடு கடையில் விற்றார்கள். ஹெல்கேட்டுக்கு இரண்டு சாவி கொடுப்பார்கள்: சிவப்பு முழுச் சக்திக்கு, கறுப்பு 500-ல் நிறுத்திவிடும். பையனுக்குக் கொடுக்கும் கறுப்புச் சாவியே அடுத்த வீட்டு ஜிடியைவிட அதிகம்.

8. கமாரோ 6.2 லிட்டர், மஸ்டாங் 5 லிட்டர். பவர் மட்டும் ஒண்ணு. எப்படி?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி. கமாரோவின் எல்டி1 புஷ்ராட் எஞ்சின். எஞ்சினின் நடுவயிற்றில் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு, சுருக்கமாக கேம்), அதிலிருந்து கம்பிகள் வழியாகத் தள்ளித் திறக்கும் 16 வால்வுகள். மஸ்டாங்கின் கொயோட்டி எஞ்சினுக்குத் தலையில் நான்கு கேம்ஷாஃப்ட், 32 வால்வுகள், அதனால் அதிகச் சுற்றிலும் நன்றாக மூச்சு விடும். 460 எச்.பி. வருவது 7,000 சுற்றில். எல்டி1 தன் 455-ஐ 6,000-லேயே கொடுத்துவிடும். டார்க்கைப் பாருங்கள்: கமாரோ 455 பவுண்ட்-அடி, மஸ்டாங் 420. பெரிய வாளி, சின்ன வாளி.

பல பேர் புஷ்ராட் என்றால் ஏதோ பழைய டிராக்டர் சமாச்சாரம் என்று முகம் சுளிப்பார்கள். இரண்டு எஞ்சினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5 லிட்டர் கொயோட்டிதான் ஆள் பெரியது. தலையில் அத்தனை சாமான்கள் இருப்பதால் அகலம் கூடிவிடுகிறது. கொள்ளளவைப் பார்த்து எஞ்சினை மதிப்பிடுவது வரி போடும் அரசாங்கத்தின் வேலை. பானெட்டுக்குள் எவ்வளவு இடம், எவ்வளவு எடை என்று பார்த்தால் அந்தப் பழைய வடிவம் இன்னும் தோற்கவில்லை. அதனால்தான் இந்த ஊர்க் கொட்டகைகளில் ஜப்பான் வண்டி, ஜெர்மன் வண்டி என்று எதைத் திறந்தாலும் உள்ளே எல்டி1-க்கு முந்தைய புஷ்ராட் குடும்பமான எல்எஸ் எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது.

டாட்ஜின் ஹெமியும் புஷ்ராட்தான். ஆனால் வால்வுகள் சாய்ந்து எதிரெதிராக நிற்கும், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். எட்டு சிலிண்டருக்கு 16 பிளக். மாற்றும் நாளில் முதுகு சொல்லும்.

9. ஹெல்கேட்டுக்கு 707, இசட்எல்1-க்கு 650. ஆனா வளைவுப் பாதையில கமாரோதான் முந்துதுங்கறாங்க. எப்படி?

எடைதான் காரணம். ஹெல்கேட் ஏறக்குறைய 2,020 கிலோ, இசட்எல்1 ஏறக்குறைய 1,760. வகுத்துப் பாருங்கள்: டன்னுக்கு ஹெல்கேட் 350 எச்.பி., கமாரோ 369. எண்ணில் 57 பின்தங்கியது எடையில் முந்திவிட்டது. கமாரோவின் அடித்தளம் காடிலாக் ஏடிஎஸ் என்ற கச்சிதமான காருக்காக உருவானது. அதன் 1எல்இ என்ற பந்தயப் பாதைத் தொகுப்பு போட்ட இசட்எல்1 2017-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பாதையை 7 நிமிடம் 16 வினாடியில் சுற்றியது. சேலஞ்சர் நாலு பேர் நிம்மதியாக உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போகும் பெரிய உடம்பு. குடும்பத்தோடு மசில் கார் வேண்டும் என்பவருக்கு அதுவே பெரிய பலம், பின் இருக்கையில் மனிதர் உட்காரலாம். கமாரோவின் பின் இருக்கையில் என் பையைத்தான் வைக்கிறேன்.

10. ஏர் ஃபில்டர் மாத்தினா 30 எச்.பி. ஏறும்னு விளம்பரம் வருதே?

சத்தம் ஏறும். இன்றைய வண்டிகளில் கம்பெனியே இன்டேக்கை நன்றாகத்தான் செய்கிறது. இப்போது எஞ்சினை ஆள்வது கணினி. அதன் கணக்கை மாற்றாமல் சாமானை மட்டும் மாற்றுவது, சமையல்காரரை மாற்றாமல் பாத்திரத்தை மாற்றுவது போல. முதலில் டியூன் (அந்தக் கணக்கை மாற்றுவது), பிறகு ஹெடர் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்கள்), பிறகு கேம், கடைசியில் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப்). இந்த வரிசையில்தான் யோசிப்பேன். பணம் இருக்கிறது, 200 எச்.பி. வேண்டும் என்றால் நடுவில் உள்ளதை எல்லாம் தாண்டி நேரே கடைசிக்குப் போவதே சிக்கனம்.

11. ஒரு டாலருக்கு எதுல அதிகமா பவர் ஏத்தலாம்?

எஞ்சினில் எது முதலில் உடையும் என்று தெரிந்தால் இதற்கு விடை தெரிந்துவிடும்.

எல்எஸ் குடும்பத்தில் (பழைய கமாரோ) கேம் மாற்றுவது கைவந்த கலை. எஞ்சின் தலையைக் கழற்றாமல், முன்பக்கத்திலிருந்து ஒரே கேமை உருவிப் புதியதைச் சொருகலாம். மூச்சுக்குழாய் வடிவம் நன்றாக இருப்பதால் சூப்பர்சார்ஜர் இல்லாமலேயே நல்ல லாபம் கிடைக்கும். பழைய சாமான்களும் எங்கும் கிடைக்கும். புதிய எல்டி1-ல் ஒரு முடிச்சு உண்டு. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுவதால், கேம்ஷாஃப்ட்டால் ஓடும் உயரழுத்த பம்ப் ஒரு எல்லைக்கு மேல் பெட்ரோல் தர மறுக்கும். சூப்பர்சார்ஜர் வாங்கிய கையோடு எரிபொருள் அமைப்புக்கும் செலவு வரும். சிலிண்டர்களைப் பாதி நிறுத்தி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு கொண்ட ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் லிஃப்டர்களில் (கேமிலிருந்து வால்வைத் தள்ளும் சாமான்) கண் வையுங்கள்.

கொயோட்டியில் கேம் மாற்றுவது நாலு மடங்கு வேலை, லாபமோ குறைவு. கம்பெனி கேமே நன்றாக இருக்கிறது. ஆனால் காற்றைத் திணித்தால் இந்த எஞ்சின் ஆனந்தமாக வாங்கிக்கொள்ளும். 2011 முதல் 2014 வரை வந்தவற்றில் கனெக்டிங் ராடு பலவீனம். 2015-ல் பாஸ் 302 என்ற சிறப்பு மஸ்டாங்கின் ராடு வந்தது. இன்னொரு பலவீனம் ஆயில் பம்பின் பல்சக்கரம். அது தூள் உலோகத்தில் அழுத்திச் செய்தது. சூப்பர்சார்ஜரோடு உச்சச் சுற்றில் முட்டி முட்டி ஓட்டினால் அது நொறுங்கும், பின்னாலேயே எஞ்சின் போகும். அதை முதலிலேயே எஃகுக்கு மாற்றிவிடுங்கள். நல்ல டியூனும் இருந்தால் 2015-க்குப் பிந்தைய கொயோட்டி சக்கரத்தில் 700-ஐச் சுமந்துகொண்டு திரிவதை இங்கே பார்க்கலாம்.

ஹெமி 5.7, 6.4 இரண்டும் சூப்பர்சார்ஜருக்குப் பொறுமை குறைந்தவை. வார்ப்பு பிஸ்டன், அதில் ரிங் உட்காரும் விளிம்பு மெல்லியது. கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் விளிம்பு விண்டுவிடும். 2015-க்குப் பிந்தைய வண்டிகளில் கணினியின் பூட்டைத் திறக்கவே தனிச் செலவு. ஆகவே டாட்ஜ்தான் வேண்டும், 700-க்கு மேல் வேண்டும் என்றால் 5.7-ஐ வாங்கி ஏற்றாதீர்கள், நேரே ஹெல்கேட் வாங்குங்கள். அடித்து உருவாக்கிய பிஸ்டன் அதில் முதலிலிருந்தே உண்டு.

பழைய வண்டிக்கு மனம் இருந்தால் 2003-04 மஸ்டாங் எஸ்விடி கோப்ரா, செல்லமாக டெர்மினேட்டர். 390 எச்.பி. என்று எழுதினார்கள், ஐந்தாம் கேள்வியின் அவமானத்துக்குப் பிராயச்சித்தமாக இந்த முறை குறைத்தே எழுதினார்கள் என்று நினைக்கிறேன். இரும்பு பிளாக், அடித்துச் செய்த ராடும் பிஸ்டனும், மேலே சூப்பர்சார்ஜர். கம்பெனியே டியூனர்களுக்காக மொய் எழுதிய வண்டி.

12. ஹெல்கேட்ல சின்ன புல்லி போட்டா போதும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட்டின் மேல் புல்லியைச் சிறிதாக்கினால் அது இன்னும் வேகமாகச் சுற்றும், அதிகக் காற்றைத் திணிக்கும். சக்தி ஏறும். கூடவே சூடும் ஏறும். முழு மிதியில் அந்த சூப்பர்சார்ஜரைச் சுழற்ற மட்டும் 80 எச்.பி. செலவாகிறது என்று டாட்ஜே சொன்னது. சூடான காற்றுக்கு அடர்த்தி கிடையாது, கணினி பயந்து ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும், மூன்றாம் ஓட்டத்தில் புல்லியால் ஏறியது காணாமல் போயிருக்கும். டீமனில் ஏசி வாயுவையே திருப்பிவிட்டு இன்டர்கூலர் (திணித்த காற்றைக் குளிர்விப்பது) தண்ணீரைக் குளிரவைத்தார்கள் என்றால் சூடு எவ்வளவு பெரிய எதிரி என்று பாருங்கள். புல்லியோடு குளிரூட்டலுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

13. ஈ85 ஊத்தினா சும்மாவே பவர் வருமாமே? நம்ம ஊர் ஈ20 மாதிரியா?

ஈ20-ல் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், ஈ85-ல் பெரும்பங்கே எத்தனால். ஆக்டேன் அதிகம், ஆவியாகும்போது குளிரவைக்கும், அதனால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) பயமில்லாமல் ஸ்பார்க்கை முன்னுக்குத் தள்ளலாம். சூப்பர்சார்ஜர் வண்டிக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. ஆனால் 'சும்மா' வராது. ஈ85-ஐக் காற்றோடு பெட்ரோலைவிடச் சுமார் 30 முதல் 40 சதவீதம் அதிகமாகக் கலக்க வேண்டும். பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப், அதற்கான டியூன் மூன்றும் இல்லாமல் ஊற்றினால் எஞ்சின் பட்டினியில் உருகும்.

மிச்சிகன்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பம்பில் ஈ85 என்று எழுதியிருந்தாலும் உள்ளே எத்தனால் 51 முதல் 83 சதவீதம் வரை இருக்கலாம். குளிர்காலத்தில் வண்டி கிளம்புவதற்காகக் குறைத்துவிடுவார்கள். ஜூலையில் செய்த டியூனோடு நவம்பரில் முழு மிதி மிதிக்காதீர்கள். எத்தனால் அளவைத் தானே படிக்கும் சென்சார் ஒன்று போட்டுவிடுங்கள்.

14. 600, 700 தாண்டினா எஞ்சின் தவிர வேற எது போகும்?

டயர் முதலில் தோற்கும். அதுதான் உங்கள் நண்பன், வழுக்கிவிட்டு மற்றவற்றைக் காப்பாற்றும். ஒட்டிப் பிடிக்கும் டிராக் டயர் போட்ட அன்று அந்தக் காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். பிறகு கிளட்ச், அரை அச்சு, டிரைவ் ஷாஃப்ட் என்று வரிசையாக வரும்.

என் அனுபவமே உண்டு. கேம் மாற்றிய கையோடு ஒட்டும் டயரும் வாங்கி, பழைய கிளட்சை அப்படியே விட்டுவிட்டு ஓட்டப்பாதைக்குப் போனேன். இரண்டாம் ஓட்டத்தில் இரண்டாம் கியருக்குத் தட்டியபோது எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை வீடு வரை வந்தது. டயருக்குக் கொடுத்த பணத்தைக் கிளட்சுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று என் மனைவி சொல்லவில்லை. டோயிங் வண்டிக்காரர் சொன்னார்.

15. டியூன் பண்ணினா வாரண்டி போயிடுமா? போலீஸ் பிடிக்குமா?

மொத்த வாரண்டியும் தானாகப் போகாது. வெளிச் சாமான் போட்டதாலேயே வாரண்டியை ரத்து செய்யக்கூடாது என்று 1975-ன் மாக்னசன்-மாஸ் சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தச் சாமானால்தான் உடைந்தது என்று காட்டினால் அந்தப் பழுதுக்கு மறுக்கலாம். டியூனை எடுத்துவிட்டுப் பழையதைப் போட்டுக்கொண்டு போகலாம் என்று கனவு காணாதீர்கள். கணினி எத்தனை முறை எழுதப்பட்டது என்ற தடம் உள்ளேயே இருக்கும், சர்வீஸ்காரர் படித்துவிடுவார்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது மத்தியச் சட்டப்படி குற்றம். மிச்சிகனில் வருடாந்தரப் புகைச் சோதனை இல்லை என்பதால் சட்டமே இல்லை என்று ஆகாது. கலிஃபோர்னியாவுக்கு மாற்றலாகப் போகும் எண்ணம் இருந்தால், அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் பெற்ற சாமானை மட்டும் வாங்குங்கள்.

16. ஊருக்குத் திரும்பும்போது வண்டியையும் கொண்டு போயிடலாமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பழைய காரை இறக்குமதி செய்ய மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். கமாரோவும் சேலஞ்சரும் தொழிற்சாலையிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்ததே இல்லை. மஸ்டாங் மட்டும் 2015 தலைமுறையிலிருந்து அப்படி வந்தது. 2016-ல் இந்தியாவில் 65 லட்சம் ரூபாய்க்கு ஃபோர்டே விற்றது, சுமார் 395 எச்.பி.யில்.

அதை டியூன் பண்ணலாமா என்பது அடுத்து வரும் கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் தெளிவானவை: தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றக்கூடாது. போலீஸ் மடக்கினால் உட்வர்ட் கதை சொல்லித் தப்ப முடியாது.

17. கமாரோவும் சேலஞ்சரும் நின்னு போச்சே, இப்ப எதை வாங்கறது?

இரண்டும் 2023 டிசம்பரோடு முடிந்தன. கமாரோவின் கடைசி வண்டி இங்கே லான்சிங்கில், சேலஞ்சரின் கடைசி வண்டி எல்லை தாண்டி கனடாவின் பிராம்ப்டனில். புதிதாக வி8 வேண்டும் என்றால் ஃப்ளாட் ராக்கில் செய்யும் மஸ்டாங்தான் மிச்சம்: ஜிடி 480, டார்க் ஹார்ஸ் 500. டாட்ஜ் புதிய சார்ஜரில் மின்சார ஸ்கேட் பேக்கை 670 எச்.பி.யில் விட்டது. எடை 2,600 கிலோவுக்கு மேல், ஒன்பதாம் கேள்வியை இன்னொருமுறை படியுங்கள். அதே உடம்பில் ஆறு சிலிண்டர் இரட்டை டர்போ எஞ்சின் 420, 550 என்று இரண்டு அளவில் வருகிறது. டர்போ என்பதால் டியூனர்கள் இதில் கை வைப்பார்கள், அதை ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் மசில் கார், கை வைக்கும் ஆசை, அளவான பணம் என்றால் என் பதில்: 2015 முதல் 2017 வரை வந்த மஸ்டாங் ஜிடி, யாரும் தொடாதது. 'ஏற்கெனவே டியூன் பண்ணியாச்சு' என்று பெருமையாக விற்கும் வண்டியைத் தொடாதீர்கள். அடுத்தவர் கனவின் மிச்சத் தவணையை நீங்கள் கட்ட வேண்டிவரும்.

18. இவ்வளவு மஸ்டாங் புராணம் பாடறீங்களே, நீங்க எது வச்சிருக்கீங்க?

2001 கமாரோ இசட்28. எல்எஸ்1, ஆறு கியர் மேனுவல், கியூபெக்கில் பிறந்தது. கேம் மாற்றியாயிற்று, கிளட்சும் இப்போது மாற்றியாயிற்று.